ஆங்கில இலக்கியம் படித்த பிள்ளைக்கு ஓசூரில் என்ன வேலை? – தொழில்நுட்ப எழுத்துத் துறை ஓர் அறிமுகம்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

ஒவ்வொரு ஆண்டும் கல்லூரித் தேர்வு முடிவுகள் வந்ததும் ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் வாசலில் பெற்றோர் கேட்கும் கேள்விகளில் ஒன்று இது: "ஹஜ்ரத், பிள்ளை பி.ஏ. ஆங்கிலம் முடிச்சிருச்சு. அடுத்து என்ன படிக்க வைக்கலாம்?" பெண் பிள்ளையாக இருந்தால், "பி.எட். போட்டுவிடலாமா, இல்லை நிகாஹ் பார்த்துவிடலாமா?" என்பார்கள். ஆண் பிள்ளையாக இருந்தால், "சிப்காட்டில் ஏதாவது கம்பெனியில் கான்ட்ராக்டில் சேர்த்துவிடலாமா?" என்பார்கள். கலைப் பாடம் படித்த பிள்ளைகளுக்கு ஆசிரியர் வேலை, அரசுத் தேர்வு, கடை, கம்பெனி கான்ட்ராக்ட் ஆகிய நான்கு வழிகளைத் தவிர வேறு எதுவும் நம் வீடுகளில் பேசப்படுவதில்லை.

ஐந்தாவதாக ஒரு வழி இருக்கிறது. தொழில்நுட்ப எழுத்து, ஆங்கிலத்தில் டெக்னிக்கல் ரைட்டிங் என்பார்கள். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் இதற்கென்றே முதுகலைப் பட்டங்கள் உள்ளன. ஓசூர், கிருஷ்ணகிரி பகுதியில் வாழும் நமக்கு இது தூரத்து விஷயமும் இல்லை. இந்தத் துறை என்ன, அதில் மேற்படிப்பு எப்படி, அதற்காகக் கடன் வாங்கலாமா, மார்க்க வரம்புகள் என்ன என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம்.

இந்தத் துறை என்ன?

வீட்டுக்கு ஒரு மிக்ஸி வாங்குகிறோம். பெட்டிக்குள் ஒரு சிறு புத்தகம் இருக்கிறது. எப்படிப் பொருத்துவது, எவ்வளவு நேரம் ஓட்டலாம், எதைச் செய்யக் கூடாது என்று அதில் எழுதியிருக்கிறது. அதை யாரோ ஒருவர் உட்கார்ந்து எழுதியிருக்கிறார். மிக்ஸிக்கு இருப்பதுபோலவே லாரி எஞ்சினுக்கும், மருத்துவமனைக் கருவிக்கும், வங்கி மென்பொருளுக்கும், கைப்பேசிச் செயலிக்கும் கையேடுகள் இருக்கின்றன. தொழிற்சாலைக்குள் ஒவ்வொரு எந்திரத்தின் அருகிலும் 'எஸ்.ஓ.பி.' என்று தொழிலாளர்கள் சொல்லும் வேலைமுறை அட்டை தொங்குகிறது. இவற்றை எழுதுவதும், திருத்துவதும், புதுப்பித்துக்கொண்டே இருப்பதும்தான் தொழில்நுட்ப எழுத்தாளரின் வேலை.

பொறியாளருக்கு எந்திரம் தெரியும். ஆனால் தெரியாதவருக்குப் புரியும்படி எழுதுவது தனித் திறமை. பொறியாளரிடம் பொறுமையாகக் கேள்வி கேட்டு, எந்திரத்தை நேரில் பார்த்து, படிப்பவர் யார் என்று யோசித்து எழுத ஒருவர் வேண்டும். அந்த இடத்தில்தான் மொழி படித்த பிள்ளைகளுக்கு வாய்ப்பு இருக்கிறது. பெங்களூரில் இத்துறையில் இருப்பவர்களில் ஆங்கில இலக்கியம், இதழியல் போன்ற கலைப் பாடங்கள் படித்து வந்தவர்கள் நிறைய உண்டு.

ஒரு சிறு உதாரணம் பாருங்கள். ஒரு பிரஸ் எந்திரத்தின் அட்டையில் இப்படி எழுதியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: "கை உள்ளே சிக்கும் அபாயம் இருப்பதால் எந்திரம் முழுமையாக நிறுத்தப்பட்டிருப்பது உறுதி செய்யப்பட்ட பின்னரே பாதுகாப்புக் கதவு திறக்கப்பட வேண்டும்." இலக்கணப் பிழை எதுவும் இல்லை. ஆனால் யார் நிறுத்துவது, எப்படி உறுதி செய்வது என்று புரிகிறதா? இதையே இப்படி எழுதலாம்:

அபாயம்: சக்கரம் சுற்றும்போது கதவைத் திறந்தால் கை துண்டாகும்.
1. மெயின் சுவிட்சை ஆஃப் செய்யுங்கள்.
2. சுவிட்சில் பூட்டுப் போட்டு, சாவியை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள்.
3. சக்கரம் முழுவதும் நிற்கும்வரை காத்திருங்கள்.
4. கதவைத் திறங்கள்.

முதலில் ஆபத்து, பிறகு ஒரு வரிக்கு ஒரு செயல், செய்ய வேண்டிய அதே வரிசையில். கதவைத் திறந்த பிறகு படிக்கும் எச்சரிக்கையால் யாருக்கும் பயன் இல்லை. இந்த வரிசையைச் சரியாகப் பிடிப்பதுதான் இத்துறையின் முதல் பாடம்.

எழுத்து தவறினால் உயிர் போகும்

1985 முதல் 1987 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் தெராக்-25 என்ற புற்றுநோய்க் கதிர்வீச்சுக் கருவி ஆறு நோயாளிகளுக்கு அளவுக்கு மீறிய கதிர்வீச்சைச் செலுத்தியது. குறைந்தது மூன்று பேர் அதனால் இறந்தனர். மூல காரணம் மென்பொருளிலும் பாதுகாப்பு அமைப்பிலும் இருந்த குறைதான். ஆனால் இன்னொரு குறையும் இருந்தது. கோளாறு ஏற்பட்டபோது திரையில் 'மால்ஃபங்ஷன் 54' என்று மட்டும் வந்தது. அந்த எண்ணுக்கு என்ன பொருள் என்று இயக்குபவரின் கையேட்டில் விளக்கம் இல்லை. அடிக்கடி இப்படி ஏதாவது எண் வருவது வழக்கம் என்பதால், இயக்குபவர் 'தொடர்க' என்ற விசையை அழுத்தினார். கதிர்வீச்சு மறுபடியும் பாய்ந்தது. "நிறுத்துங்கள். நோயாளியை வெளியே அழைத்து வாருங்கள்" என்று ஒரு வரி எழுதப்பட்டிருந்தால் நிலைமை வேறாக இருந்திருக்கலாம்.

இதனால்தான் எச்சரிக்கைச் சொற்களுக்குக்கூட இத்துறையில் கணக்கு உண்டு. அமெரிக்கத் தரமான ஆன்சி இசட்535 நான்கு படிகளை வைத்திருக்கிறது. 'டேஞ்சர்' என்றால் தவிர்க்காவிட்டால் உயிரிழப்போ பெருங்காயமோ ஏற்படும். 'வார்னிங்' என்றால் ஏற்படக்கூடும். 'காஷன்' என்றால் சிறிய அல்லது நடுத்தரக் காயம் ஏற்படக்கூடும். 'நோட்டீஸ்' என்றால் பொருளுக்குச் சேதம் வரலாம். நம் பக்கத்துத் தமிழ் அட்டைகளில் இந்த நான்கையும் "எச்சரிக்கை" என்ற ஒரே சொல்லால் எழுதிவிடுகிறார்கள். பெயிண்ட் உரியும் என்பதற்கும் உயிர் போகும் என்பதற்கும் ஒரே சொல் என்றால், தொழிலாளி எதற்குப் பயப்படுவார்?

நம் மரபில் எழுத்தர்

எழுதுகோலின் மீது சத்தியம் செய்து ஓர் அத்தியாயம் தொடங்கும் வேதம் நம்முடையது. திருக்குர்ஆனின் மிக நீளமான வசனம் எதைப் பற்றியது என்று பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். சூரத்துல் பகராவின் 282ஆவது வசனம் அது. தவணைக் கடனை எழுதி வைப்பதைப் பற்றிப் பேசுகிறது. எழுத்தர் நீதியோடு எழுத வேண்டும். அல்லாஹ் தனக்கு எழுதக் கற்றுக் கொடுத்திருக்க, எழுத மறுக்கக் கூடாது. கடன் பட்டவர்தான் வாசகத்தைச் சொல்ல வேண்டும். அவரால் சொல்ல முடியாவிட்டால் அவருடைய பொறுப்பாளர் நீதியோடு சொல்ல வேண்டும். சிறியதோ பெரியதோ எழுதச் சடைந்துகொள்ளக் கூடாது. எழுத்தருக்கும் சாட்சிக்கும் தீங்கு செய்யக் கூடாது. இவ்வளவு விதிகள் ஒரே வசனத்தில் இருக்கின்றன. இவற்றைச் சேர்த்துப் பார்த்தால், தெளிவான எழுத்து பலவீனமான தரப்பைக் காப்பாற்றுகிறது என்பது புரியும். கடன் பட்டவருக்கு இது எவ்வளவு பொருந்துமோ, எந்திரத்தின் முன் நிற்கும் தொழிலாளிக்கும் அவ்வளவு பொருந்தும்.

ஸைத் பின் ஸாபித் (ரலி) அவர்கள் வஹீயை எழுதியவர்களில் முக்கியமானவர். யூதர்களின் எழுத்தைக் கற்றுக்கொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட, அரை மாதத்திற்குள் அதைக் கற்று, அவர்களுக்குக் கடிதம் எழுதுவதையும் வருவதைப் படித்துச் சொல்வதையும் ஏற்றுக்கொண்டார்கள் என்று திர்மிதியில் வருகிறது. பணிக்காகப் பிறமொழி கற்பது ஸஹாபாக்களின் வழி.

தொழில்நுட்பக் கையேடு என்பதிலேயே நமக்கு முன்னோடி உண்டு. தியார்பக்ரில் அர்துகீ ஆட்சியாளர்களிடம் பணியாற்றிய அல்ஜஸரீ, 1206இல் எந்திரக் கருவிகள் பற்றிய தமது நூலை முடித்தார். நீர்க் கடிகாரங்கள், நீர் இறைக்கும் எந்திரங்கள் என ஏறத்தாழ 50 கருவிகள் அதில் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் படம் வரைந்து, பாகங்களுக்கு எழுத்துக் குறியிட்டு, அளவு என்ன, எதை எதனுடன் பொருத்துவது என்று வரிசையாகச் சொல்லியிருக்கிறார். 1976இல் லண்டனில் நடந்த இஸ்லாமிய உலக விழாவின்போது, அவருடைய பெரிய நீர்க் கடிகாரத்தை அந்த விளக்கங்களைக் கொண்டே அங்குள்ள அறிவியல் அருங்காட்சியகம் மறுபடியும் கட்டியது. 770 ஆண்டுகள் கழித்தும் ஒரு கையேடு வேலை செய்திருக்கிறது. அதேபோல எகிப்தின் அல்கல்கஷந்தீ 1412இல் முடித்த 'ஸுப்ஹுல் அஃஷா', அரசு அலுவலக எழுத்தர் தெரிந்திருக்க வேண்டிய அனைத்தையும் தொகுத்த பெருநூல். இன்று 'புரொஃபஷனல் ரைட்டிங்' என்று பாடம் நடத்தப்படுவதன் பெரும்பகுதி அதன் பொருளடக்கத்தில் இருக்கிறது.

ஏன் ஓசூர், கிருஷ்ணகிரி?

ஓசூர் சிப்காட் 1970களில் தொடங்கியது. அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் ஆகியவை வந்து வேரூன்றின. அண்மை ஆண்டுகளில் ஓசூரில் ஏதர், போச்சம்பள்ளி அருகே ஓலா, திம்ஜேப்பள்ளி பக்கம் டாடா எலக்ட்ரானிக்ஸ், குருபரப்பள்ளியில் டெல்டா எலக்ட்ரானிக்ஸ் என மின்வாகனமும் மின்னணுவும் சேர்ந்துள்ளன. எல்லையைத் தாண்டி அத்திப்பள்ளி, பொம்மசந்திரா, எலக்ட்ரானிக் சிட்டி. இன்ஃபோசிஸின் தலைமையகம் அங்கேதான். ஒரு பக்கம் எந்திரம், மறு பக்கம் மென்பொருள். இரண்டுக்கும் கையேடு வேண்டும்.

பெரிய கம்பெனிகளைவிட நாம் கவனிக்க வேண்டியவை சிறிய பட்டறைகள். பெரிய ஆலைகளுக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கும் சிறு தொழிற்கூடங்கள் ஓசூரில் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. வாகன உதிரிபாகம் வழங்க ஐ.எஸ்.ஓ. 9001, ஐ.ஏ.டி.எஃப். 16949 போன்ற தரச் சான்றுகளை வாங்குபவர்கள் கேட்கிறார்கள். அதற்கு வேலைமுறை அட்டை, கட்டுப்பாட்டுத் திட்டம், தணிக்கைப் பதிவேடு எல்லாம் முறையாக எழுதப்பட்டிருக்க வேண்டும். கிருஷ்ணகிரியின் மாம்பழக்கூழ் ஆலைகளும் அப்படித்தான். கூழை ஏற்றுமதி செய்ய உணவுப் பாதுகாப்பு ஆவணங்களும் லேபிளும் சரியாக இருக்க வேண்டும். பட்டறை முதலாளிக்கு லேத்தும் ஆர்டரும் தெரியும். ஆங்கிலத்தில் ஆவணம் எழுதித் தர அவர் ஆளைத் தேடுகிறார்.

இன்னொன்று மொழி. இந்த எல்லைப் பகுதியில் தமிழ், கன்னடம், தெலுங்கு, உருது நான்கும் புழங்குகின்றன. நம் பிள்ளைகளில் பலர் வீட்டில் உருது, பள்ளியில் தமிழ், தெருவில் கன்னடமோ தெலுங்கோ பேசி வளர்ந்தவர்கள். ஆலைகளிலோ ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அஸ்ஸாமிலிருந்து வந்தவர்கள் வேலை செய்கிறார்கள். தொழிற்சாலைச் சட்டத்தின் சுருக்கத்தை ஆங்கிலத்திலும், பெரும்பாலான தொழிலாளர்களுக்குப் புரியும் மொழியிலும் ஒட்டி வைக்க வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் 108ஆவது பிரிவு நெடுங்காலம் முன்பே விதித்தது. புரியாத மொழியில் தொங்கும் அட்டை சுவருக்கு அழகு சேர்க்கும், விரலைக் காப்பாற்றாது. உருது பேசும் நம் பிள்ளைக்கு இந்தி பேசும் தொழிலாளியிடம் பேசத் தெரியும். அவர் எங்கே தடுமாறுகிறார் என்று கேட்டு எழுதத் தெரியும். "உருது வீட்டுப் பிள்ளை, தமிழும் பாதி, ஆங்கிலமும் பாதி" என்று கேலி பேசுவார்கள். அந்தப் பிள்ளையின் கையில் நான்கு மொழிகள் இருக்கின்றன என்பதை அவர்கள் கணக்கில் சேர்ப்பதில்லை.

முதுகலையில் என்ன கற்றுத் தருகிறார்கள்?

அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகம், வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகம், டெக்சஸ் டெக், அயர்லாந்தின் லிமெரிக் பல்கலைக்கழகம் போன்றவை இத்துறையில் முதுகலை நடத்துவதில் பெயர் பெற்றவை. டெக்சஸ் டெக், லிமெரிக் ஆகியவை இணையவழியிலும் படிக்க வழி செய்தவை. பாடங்களைத் தொகுத்தால் ஆறு வகை தெரிகிறது.

1. படிப்பவரை அறிதல்: யாருக்காக எழுதுகிறோம், அவருக்கு ஏற்கெனவே என்ன தெரியும், எந்த நிலையில் படிக்கிறார். எண்ணெய் படிந்த கையோடு நின்றுகொண்டே படிப்பவருக்குப் பத்தி எழுதக் கூடாது.

2. எளிய மொழி: விமானத் துறையில் 'எளிமைப்படுத்தப்பட்ட தொழில்நுட்ப ஆங்கிலம்' என்ற தரம் உண்டு. செய்முறை வாக்கியத்தில் 20 சொற்களுக்கு மேல் கூடாது. விளக்க வாக்கியத்தில் 25க்கு மேல் கூடாது. ஒரு சொல்லுக்கு ஒரே பொருள்தான்.

3. வடிவமைப்பு: படம், அட்டவணை, எழுத்தின் அளவு, எச்சரிக்கை இருக்கும் இடம்.

4. பகுதி பகுதியாக எழுதுதல்: ஒரே குறிப்பு பத்துக் கையேடுகளில் வந்தால் அதைப் பத்து முறை எழுதாமல் ஒரு முறை எழுதி எல்லாவற்றிலும் இணைப்பது. இதற்கு ஐ.பி.எம். உருவாக்கிய டிட்டா என்ற முறை 2005இல் பொதுத் தரமானது.

5. சோதித்துப் பார்த்தல்: எழுதியதை ஒரு புதியவரிடம் கொடுத்து, வாய் திறக்காமல் அருகில் நின்று, அவரால் செய்ய முடிகிறதா என்று பார்ப்பது.

6. ஒழுக்கம்: குறையை மறைக்காமல் எழுதுவது, பிறர் எழுத்தைத் திருடாமல் இருப்பது.

நம் நாட்டில் இந்தப் பெயரிலேயே முதுகலைப் பட்டம் அரிது. எம்.ஏ. ஆங்கிலம், எம்.ஏ. இதழியல் அல்லது மொழிபெயர்ப்பியல் படித்து, கூடவே தொழில்நுட்ப எழுத்துப் பயிற்சி எடுப்பதுதான் இங்கே நடைமுறை. இக்னோவில் மொழிபெயர்ப்பியலில் எம்.ஏ. உண்டு, தொலைநிலையில் படிக்கலாம். வீட்டுக்கு அருகில் என்றால் கிருஷ்ணகிரி மாவட்டக் கல்லூரிகள் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன. நம் சமுதாயக் கல்லூரிகளான வாணியம்பாடி இஸ்லாமியா, மேல்விஷாரம் அப்துல் ஹக்கீம், திருச்சி ஜமால் முகமது, சென்னை நியூ காலேஜ் ஆகியவற்றின் ஆங்கிலத் துறைகள் இப்பாடத்தை ஒரு விருப்பப் பாடமாகவாவது விரிவாக நடத்தினால் பெரும் உதவியாக இருக்கும். எந்தத் தொலைநிலைப் படிப்பில் சேர்ந்தாலும் யு.ஜி.சி. ஒப்புதல் அந்த ஆண்டுக்கு உண்டா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

வட்டிக் கடன் வாங்கிப் படிக்கலாமா?

வெளிநாட்டில் முதுகலை என்றால் பல லட்சம் வேண்டும். வங்கிக் கல்விக் கடன் வட்டியோடுதான் வருகிறது. சிறுபான்மை மாணவர்களின் வெளிநாட்டுக் கல்விக் கடனுக்கு வட்டி மானியம் தந்த 'படோ பர்தேஷ்' என்ற மத்திய அரசுத் திட்டமும் 2022-23 முதல் நிறுத்தப்பட்டுவிட்டது.

வட்டி ஹராம் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. கட்டாய நிர்ப்பந்தம் என்ற சலுகையை இங்கே கொண்டு வர முடியுமா? இந்தத் துறையைப் பொறுத்தவரை முடியாது என்பதே என் கருத்து. காரணம் எளிது. மருத்துவர் ஆக எம்.பி.பி.எஸ். வேண்டும், வழக்கறிஞர் ஆக சட்டப் பட்டம் வேண்டும். தொழில்நுட்ப எழுத்தாளர் ஆக முதுகலைப் பட்டம் சட்டப்படி தேவையில்லை. வேலைக்கு எடுப்பவர்கள் முதலில் கேட்பது "எழுதியதைக் காட்டுங்கள்" என்பதைத்தான். வேறு வழி திறந்திருக்கும்போது நிர்ப்பந்தம் என்று சொல்ல இடமில்லை. வீட்டை அடமானம் வைத்து, வட்டிக்கு வாங்கி, பிள்ளையை அனுப்பிவிட்டு, அங்கே வேலை கிடைக்காமல் தவிக்கும் நிலை எந்தக் குடும்பத்துக்கும் வேண்டாம்.

என் ஆலோசனை இந்த வரிசை: முதலில் இங்கேயே ஒரு பட்டம், அதோடு கைத்தொழிலாக எழுத்துப் பயிற்சி. பிறகு இரண்டு மூன்று ஆண்டுகள் வேலை. அதன் பின்னும் முதுகலை தேவை என்று பட்டால், சம்பாதித்த பணத்தில் இணையவழியிலோ, முழு உதவித்தொகை கிடைத்தால் நேரிலோ படிக்கலாம். குடும்பத்திலோ ஜமாஅத்திலோ வட்டியில்லாக் கடனாக, கர்ளுன் ஹஸனாகக் கிடைத்தால் எழுத்தில் பதிந்து வாங்குங்கள். மேலே சொன்ன வசனத்தின்படி அமல் செய்ததாகவும் ஆகும். மாணவர் ஜகாத் பெறத் தகுதியுள்ள ஏழையாக இருந்தால் ஜகாத்தும் கொடுக்கலாம். நம் பகுதியில் பெரும்பாலோர் பின்பற்றும் ஹனஃபி மத்ஹபின்படி அந்தத் தொகையை அவருக்கே உரிமையாக்கிக் கொடுக்க வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள்.

ஏ.ஐ. வந்துவிட்டதே?

நியாயமான கேள்வி. மறைக்காமல் சொல்ல வேண்டும். செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு இத்துறையின் ஆரம்பநிலை வேலைகளுக்கு நெருக்கடி வந்திருக்கிறது. அமெரிக்காவில் பல பத்தாண்டுகளாக இயங்கிவந்த தொழில்நுட்பத் தொடர்பாளர் சங்கமான எஸ்.டி.சி., 2025 ஜனவரியில் திவாலாகி மூடப்பட்டது. "சும்மா ஆங்கிலம் எழுதத் தெரியும்" என்பது மட்டும் இனிப் போதாது. அதைக் கருவியே செய்துவிடும்.

ஆனால் அந்தக் கருவி ஓசூர் பட்டறைக்குள் வந்து எந்திரத்தின் அருகில் நிற்காது. மூன்றாவது படியில் நட்டு கழலும் என்று ஃபோர்மேன் சொல்வது அதன் காதில் விழாது. தெரியாததையும் தெரிந்ததுபோல எழுதிவிடும். சூரத்துல் ஹுஜுராத்தின் 6ஆவது வசனம், வரும் செய்தியைத் தீர விசாரிக்கச் சொல்கிறது. அறியாமல் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கு செய்துவிட்டுப் பின்னர் வருந்த நேரிடும் என்று எச்சரிக்கிறது. கருவி எழுதித் தந்ததைச் சரிபார்த்து, "இது சரி" என்று பொறுப்பேற்கும் மனிதர்தான் இனித் தேவை. ஆகவே மொழியோடு ஒரு தொழிலையும் கற்றுக்கொள்ளுங்கள். வாகனம், மருத்துவக் கருவி, உணவுப் பாதுகாப்பு, மென்பொருள், எதுவாகவும் இருக்கலாம். ஒன்றையாவது உள்ளே சென்று அறிந்திருக்க வேண்டும்.

பெண் பிள்ளைகளுக்கு

பி.ஏ. ஆங்கிலம் முடித்து வீட்டில் இருக்கும் நம் சகோதரிகள் ஏராளம். கண்ணியமான சூழலில், கணினி முன் அமர்ந்து செய்யும் வேலை இது. வீட்டிலிருந்தே செய்ய இடம் கொடுக்கும் நிறுவனங்களும் உண்டு. ஆனால் எல்லா நிறுவனங்களும் அப்படி இல்லை, ஆரம்பத்தில் அலுவலகம் வரச் சொல்வதே அதிகம். எலக்ட்ரானிக் சிட்டி ஓசூரிலிருந்து தினமும் போய்வரும் தூரம்தான். 2025 ஆகஸ்டில் மஞ்சள் வழித்தட மெட்ரோ பொம்மசந்திரா வரை வந்துவிட்டதால் பெங்களூருக்குள் பயணமும் எளிதாகியிருக்கிறது. பாதுகாப்பும் ஹிஜாபும் தொழுகை நேரமும் பேணப்படும் இடமா என்று விசாரித்து அனுப்புவது பெற்றோரின் கடமை. விசாரிக்காமலே "வேண்டாம்" என்று கதவை மூடுவது கடமையில் சேராது. அன்னை ஹஃப்ஸா (ரலி) அவர்களுக்கு எழுதக் கற்றுக் கொடுத்தவர் ஷிஃபா பின்த் அப்துல்லாஹ் (ரலி) என்ற பெண்மணி என்பதை நினைவூட்டுகிறேன்.

ஆலிம் பட்டதாரிகளுக்கு

ஓதிக்கொண்டே பட்டம் படிக்கும் மாணவர்கள் இப்போது பெருகியிருக்கிறார்கள். ஓதி முடித்துக் கலைப் பட்டமும் பெற்றவன் என்ற முறையில் அவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஃபிக்ஹு கிதாபுகளில் ஒளுவின் பர்ளு, சுன்னத், மக்ரூஹ், முறிப்பவை என்று பிரித்துப் படித்தோமே, அது செய்முறை எழுத்தின் இலக்கணம்தான். மத்னு, ஷரஹு, ஹாஷியா என்று ஒரே விஷயத்தை மூன்று அளவில் மூன்று வகை வாசகர்களுக்கு எழுதிய மரபு நம்முடையது. சொல்லின் வரையறையைத் துல்லியமாகப் பிடிக்கும் பழக்கம் நமக்கு உண்டு. குறையாக இருப்பது ஆங்கிலமும் கணினியும். இரண்டும் கற்றுக்கொள்ளக் கூடியவை. அரபு தெரிந்தவருக்கு வளைகுடா நிறுவனங்களின் கையேடுகளை மொழிபெயர்க்கும் வாய்ப்பும் உண்டு.

ஹலால், ஹராம் எல்லைகள்

இந்தத் தொழில் அடிப்படையில் ஆகுமானது. ஆனால் மூன்று இடங்களில் கவனம் வேண்டும்.

ஒன்று, ஹராமான பொருளுக்கோ வட்டித் திட்டத்துக்கோ உதவும் எழுத்து. நபி (ஸல்) அவர்கள் சபித்தவர்களில் வட்டிக் கணக்கை எழுதுபவரும் இருக்கிறார் என்று ஸஹீஹ் முஸ்லிமில் வருகிறது.

இரண்டு, குறையை மறைத்து எழுதுவது. தானியக் குவியலுக்குள் கையை விட்டு ஈரத்தைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், அதை ஏன் மேலே மக்கள் பார்க்கும்படி வைக்கவில்லை என்று கேட்டு, ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவர் இல்லை என்றார்கள். பேட்டரி சூடாகும் என்று தெரிந்தும் கையேட்டில் எழுதாமல் விடுவது ஈரத் தானியத்தை அடியில் மறைப்பதற்குச் சமம்.

மூன்று, பிற மாணவர்களுக்குப் பணம் வாங்கிக்கொண்டு ஆய்வேடும் அசைன்மென்ட்டும் எழுதிக் கொடுப்பது. எழுத்துத் திறமை உள்ள பிள்ளைகளைத் தேடி இந்த வேலை சீக்கிரம் வரும். இது மோசடிக்குத் துணை போவது. அந்தப் பணம் வேண்டாம்.

நாளைக்கே தொடங்க

கூகுள் நிறுவனம் தொழில்நுட்ப எழுத்துப் பாடங்களை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. 'ரைட் த டாக்ஸ்' என்ற உலகளாவிய எழுத்தாளர் குழுவின் வழிகாட்டி நூலும் இலவசம். மார்க்டவுன், கிட் ஆகிய இரண்டு கருவிகளையும் ஒரு மாதத்தில் பழகிக்கொள்ளலாம். பிறகு மூன்று மாதிரிகளை எழுதுங்கள். வீட்டு வாஷிங் மெஷினுக்கு ஒரு பக்கச் செய்முறை. ஒரு கைப்பேசிச் செயலியை முதன்முறை பயன்படுத்துபவருக்கு வழிகாட்டி. உங்கள் தெருவில் உள்ள ஒரு பட்டறையின் எந்திரத்துக்கு, முதலாளியிடம் அனுமதி கேட்டு, தமிழிலும் ஆங்கிலத்திலும் வேலைமுறை அட்டை. மூன்றையும் புதியவர் ஒருவரிடம் கொடுத்துச் சோதியுங்கள். அவர் தடுமாறிய இடத்தைத் திருத்துங்கள். வேலை கேட்டுப் போகும்போது அந்த மூன்றும் உங்களுக்காகப் பேசும்.

ஜமாஅத்துகள் செய்யக் கூடியதும் இருக்கிறது. பள்ளிவாசலின் மாடி அறையில் வார இறுதியில் இரண்டு கணினிகள் போதும். ஓசூர் பட்டறை நடத்தும் நம் சகோதரர்கள் பயிற்சி மாணவர் ஒருவரை ஆறு மாதம் சேர்த்துக்கொண்டால், அவர்களுக்குத் தணிக்கை ஆவணம் கிடைக்கும். பிள்ளைக்கு அனுபவம் கிடைக்கும். உழைத்தவரின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுப்பது மட்டும் மறந்துவிட வேண்டாம்.

எழுத்தறிவு அல்லாஹ் தந்த அமானிதம். நாம் எழுதும் ஒரு தெளிவான வரியால் ஏதோ ஓர் ஆலையில் ஒரு தொழிலாளி மாலையில் பத்து விரல்களோடு வீடு திரும்பினால், அது நமக்கு நன்மையாகப் பதியப்படும், இன்ஷா அல்லாஹ். நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும் ஹலாலான ரிஸ்கையும் வல்ல ரஹ்மான் தந்தருள்வானாக! ஆமீன்.